வேகமா வுடுங்க சிஸ்டர்!

டெலிபோன் அலறியது!

இன்ஸ்பெக்டர் அழகுமலை அதை முறைத்தார். எடுக்கவில்லை. எடுத்தால் யார் பேசுவார் என்று தெரியும்... என்ன பேசுவார் என்றும் தெரியும்.

"சார்... போன் அடிக்குது," என்றார் ஏட்டு ஜெயபாண்டி.

"எனக்கென்ன காது செவிடாய்யா?"

எடுத்தார்.

"என்ன அழகுமலை, அந்த நர்ஸ் பொண்ணை அரெஸ்ட் பண்ணியாச்சா?"

டி.எஸ்.பி.யின் குரல் ரிசீவரைத் தாண்டி ஏட்டின் காது வரைக்கும் போனது.

"விசாரிக்கப் போறேன் சார்..."

"இன்னும் என்னய்யா விசாரணை? போஸ்ட்மார்ட்டத்துல நுரையீரல் பூரா தண்ணின்னு சொல்லிட்டாங்க. குளுக்கோசை மடை திறந்த மாதிரி விட்டிருக்கா! செத்தது யாரு? பனியன் கம்பெனி ரத்தினசாமி! அவர் கம்பெனி ஆளுங்க மொத்தப் பேரும் ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிறாங்க. தீபாவளி நேரம். சாயங்காலத்துக்குள்ள அவளை உள்ள தள்ளு. இல்லேன்னா நீ மூட்டையைக் கட்டு!"

டொக்!

அழகுமலை ரிசீவரை வைத்த வேகத்தில் மேஜை மேலிருந்த டம்ளர் தண்ணீர் தளும்பியது.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து மாற்றலாகித் திருப்பூருக்கு வந்து ஆறு மாதம். இன்னும் இந்த ஊர் அவருக்குப் பிடிபடவில்லை. அவர் ஊரில் கேள்வி கேட்டால் ஒன்று பதில் வரும்... இல்லை, வசவு வரும். இங்கே கேள்வி கேட்டால் டீ வருகிறது!

"வண்டியை எடுய்யா!"

* * *

டாக்டர் ஜெயபாரதியின் நர்ஸிங் ஹோம் வாசலில் கூட்டம் நெரிந்தது. ஜீப்பைப் பார்த்ததும் ஒரே கூச்சல்.

"அந்த நர்ஸை வெளிய அனுப்புங்க!"

"எங்க மொதலாளியைக் கொன்னுபோட்டாங்க!"

கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒருவர் கும்பிட்டபடி வந்தார். செத்தவரின் மனைவி முத்தாத்தாளுக்கு உடன்பிறந்த தம்பி, நாச்சிமுத்து. பனியன் வேஸ்ட் வியாபாரி. ரத்தினசாமி கம்பெனியில் வெட்டிக் கழித்த துணியெல்லாம் மூட்டை மூட்டையாக இவர் குடோனுக்குத்தான் போகும். ஊரில் பெரிய கை. ஆனால் ஆள் மகா கஞ்சன். மூக்குக் கண்ணாடியின் ஒரு கால் உடைந்து, அதில் வெள்ளை பிளாஸ்டர் சுற்றியிருந்தது.

"வாங்க வாங்க, இன்ஸ்பெக்டரய்யா. ஒரு டீ சாப்புடலாமுங்களா?"

"வேணாம்."

"அட, சாப்புடுங்க. தெம்பாப் பேசலாமுங்க."

டீ வந்தே விட்டது. பார்சலைக் கட்டியிருந்த நூலை நாச்சிமுத்து பதமாக உருவினார். விரலில் சுற்றினார். சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"எதுக்குய்யா அது?"

"வேஸ்ட்னு ஒண்ணு கெடையாதுங்க. எதுக்காச்சும் ஆகும்." சிரித்தார். பிறகு முகத்தைச் சோகமாக்கிக்கொண்டார். "அந்த நர்ஸ் புள்ளையை ரொம்ப மெரட்டாதீங்க. சின்னப் புள்ளை. படிப்பு பத்தாம பண்ணிப்போட்டா. என்ன பண்றது... மச்சான் தலையெழுத்து."

"நேத்து நீங்களும் அந்த ரூம்ல இருந்தீகளா?"

"நானுங்களா? இல்லீங்க சாமி! மருந்து வாசம் பட்டாலே எனக்குக் கொமட்டிரும். வராண்டாவோட செரி. நேத்து பூராவும் உள்ள காலே வெக்கலீங்க."

அழகுமலை டீயைக் குடித்தார். ஆறிப்போயிருந்தது. எரிச்சல் இன்னும் கொஞ்சம் ஏறியது.

* * *

டாக்டர் ஜெயபாரதி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"சனிக்கிழமை வாந்தி, பேதின்னு கூட்டிட்டு வந்தாங்க. உடம்புல நீர் வத்திப் போயிருந்தது. ஆனா ஹார்ட் வீக். அதனால டிரிப்ஸ் ரொம்ப ஸ்லோவாப் போகணும். ஞாயிறு காலைல நானே பாட்டில் போட்டு, சொட்டு எண்ணி, வேகத்தைக் கூட்டக் குறைக்க டியூப்ல இருக்கிற வீலை செட் பண்ணேன். ராத்திரி வரைக்கும் அந்த ஒரே பாட்டில் வரணும்னு விஜயராணிகிட்டச் சொன்னேன். குடும்பத்துக்கிட்டயும் சொன்னேன்."

"குடும்பத்துல யார்கிட்ட?"

"அவங்க மச்சினர்கிட்ட. அவர்தான் விவரமானவர்னாங்க."

"அப்புறம்?"

"மதியத்துக்குள்ள ஒரு பாட்டில் காலி. ரெண்டாவதும் பாதி காலி! நான் ஓடிப்போய்ப் பாக்கறப்ப மூச்சுத் திணறி... முடிஞ்சிருச்சு."

"உங்க நர்சுகளுக்கு இதெல்லாம் தெரியுமா?"

"என்ன சார் இப்படிக் கேக்கறீங்க? எல்லாரும் நல்லா ட்ரெயினிங் ஆனவங்க."

"கூப்பிடுங்க. பாத்துருவோம்."

நான்கு பேர் சுவரோரமாக வந்து நின்றார்கள்.

"பாட்டில் எவ்வளவு வேகத்துல எறங்கணும்னு எப்படிம்மா முடிவு பண்ணுவீங்க?"

முதல் பெண் பளிச்சென்று சொன்னாள். "பேஷன்ட் கேக்கற மாதிரிங்க சார்!"

"என்னது?"

"பனியன் கம்பெனி டைலருங்க எல்லாம் 'ஷிப்டுக்குப் போகோணும், வேகமா வுடுங்க சிஸ்டர்'ம்பாங்க. வேகமா வுட்டுருவோம். வயசானவங்க 'குளுருது கண்ணு'ம்பாங்க. கொறைச்சு வுடுவோம்."

அழகுமலை கண்ணை மூடித் திறந்தார். அடுத்தவளைப் பார்த்தார்.

"கண்ணுல பாத்தாலே தெரியுமுங்க சார். பழக்கம்."

மூன்றாவது பெண் ஆஷா. "சீனியர் சிஸ்டர் சொல்ற மாதிரி வெப்பேனுங்க."

"யாரு சீனியர்?"

"நாந்தானுங்க."

ஏட்டு இருமினார். சிரிப்பை விழுங்கினால் அப்படித்தான் இருமல் வரும்.

"சரி... இருதயம் பலவீனமான ஆளுக்கு வேகமா விட்டா என்ன ஆகும்?"

நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சளி... புடிக்குங்களா சார்?" என்றாள் முதல் பெண்.

அழகுமலை டாக்டரைத் திரும்பிப் பார்த்தார். டாக்டர் மின்விசிறியைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமைன்னா டைலருங்க வரிசையில நிப்பாங்க சார். தெம்புக்கு ஒரு பாட்டில் ஏத்திக்கிட்டுத்தான் போவாங்க. வேண்டாம்னா அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போயிருவாங்க. அந்தக் கூட்டத்துல நான் எதைன்னு சொல்லித் தர்றது?" என்றார் டாக்டர்.

"ஆளு செத்தபிறகு சொல்லித் தரலாம்னு இருந்தீகளா?"

டாக்டர் மறுபடி மின்விசிறியைப் பார்த்தார்.

நான்காவதாக நின்றவள்தான் விஜயராணி. தெற்கத்திப் பெண். அப்பாவும் அம்மாவும் பிழைக்க வந்து, பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டி இவளை ஆளாக்கியவர்கள். ஒரு ஜவுளிக்கடை மாடியில் ஆறு மாதம் நர்ஸ் படிப்பு. அவ்வளவுதான் அவள் படித்தது. அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

மற்ற மூன்று பெண்களையும் வெளியே அனுப்பினார் அழகுமலை.

"அந்த வீலை நீ திருகினியா?"

"இல்ல சார். சத்தியமா தொடல சார்."

"டாக்டர் போனதுக்கப்புறம் எப்பப் போய்ப் பாத்த?"

"போகல சார். ஓ.பி.ல கூட்டம். எட்டிப் பாக்கக் கூட..."

"ஸ்லோவா வச்சது தானா எப்படிம்மா ஓடும்? பேய் வந்து திருகுச்சா?"

"தெரியல சார்."

"வேற எதாச்சும் சொல்லணுமா?"

அவள் வாயைத் திறந்தாள். டாக்டர் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

"இல்ல சார்."

பொய்! போலீஸ்காரனுக்கு இது கூடவா தெரியாது? ஆனால் பிடித்து உலுக்கினாலும் விழாது போலிருந்தது.

* * *

ரத்தினசாமி செத்த அறையில் முத்தாத்தாள் தரையில் சரிந்து கிடந்தார். பக்கத்தில் மகன் செந்தில்வேல். கதவுக்கு வெளியே, வராண்டாவில் நாச்சிமுத்து.

"அம்மா, நேத்து இந்த பாட்டில் வீலை யாராச்சும் தொட்டீகளா?"

"நாந்தானுங்க தொட்டேன்."

அழகுமலை நிமிர்ந்தார். அப்பாடா!

"எதுக்கும்மா?"

"வெரசா எறங்குச்சுன்னா ஊட்டுக்குக் கூட்டிப் போயர்லாமுன்னுதானுங்க. காப்பி குடிச்சுப்போட்டு வந்து, கொஞ்சூண்டு... இத்தினிக்கூண்டு திருகி வுட்டேனுங்க."

"நானும் திருகினேனுங்க சார்," என்றான் செந்தில்வேல்.

"நீயுமா?"

"சரக்கு வாங்குற பையர் வந்து ஓட்டல்ல காத்துட்டு இருந்தாருங்க. அப்பா ஒரு வார்த்தை பேசினாத்தான் ஆர்டர் முடியும். அப்பாவும் 'சீக்கிரம் போகோணும், மொதல்ல குடோனுக்குப் போகோணும்'னே சொல்லிட்டு இருந்தாரு. அதான்..."

எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கம்பெனி சூப்பர்வைசர் தலையைச் சொறிந்தார்.

"நானும் பழம் குடுக்க வந்தப்ப... மொதலாளி ரொம்பக் களைப்பா இருந்தாருங்க. தெம்பு வரட்டுமேன்னு..."

"யோவ்!"

"மொதலாளியே ரெண்டு வாட்டி திருகிக்கிட்டாருங்க சார்!"

அழகுமலைக்குத் தலை சுற்றியது. செத்தவனையே அரெஸ்ட் பண்ணுவதா?

"அந்த ரெண்டாவது பாட்டிலை மாட்டினது யாரு?"

கதவோரம் நின்ற ஆஷா மெல்லக் கையைத் தூக்கினாள். "பாட்டில் காலின்னு வராண்டாவுல இருந்து சத்தம் போட்டாங்க. ஓடியாந்து மாட்டினேனுங்க. ஏன் இவ்வளவு சீக்கிரம் காலியாச்சுன்னு... யோசிக்கலீங்க."

அழகுமலை வெளியே வந்து தூணில் ஓங்கிக் குத்தினார். கை வலித்தது. அதுவும் எரிச்சல்!

"என்ன ஊருய்யா இது? அடுத்தவன் மிஷினைத் தொட்டாச் சண்டைக்கு வர்றாய்ங்க. நோயாளி பாட்டிலை மட்டும் ஆளாளுக்குத் திருகுறாய்ங்க!"

"சார்... தப்பா நெனைக்காதீங்க," ஜெயபாண்டி நெளிந்தார். "போன மாசம் எங்க வீட்டுக்காரிக்கு பாட்டில் போட்டப்ப... நானும் லேசா..."

"என் கண்ணு முன்னாடி நிக்காதய்யா!"

செல்போன் பாடியது. டி.எஸ்.பி.!

"அழகுமலை, கூட்டம் கல் எடுக்குதாம். அவளை ஏத்தியாச்சா?"

"சார், இதுல ஆளாளுக்கு..."

"ஏத்தியாச்சா, இல்லையா?"

அழகுமலை பல்லைக் கடித்தார். "ஏத்துறேன் சார்."

* * *

பின்வாசலில் ஜீப் நின்றது.

விஜயராணி ஒரு காலை ஜீப் படியில் வைத்தாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை. ஓவென்று அழுதாள்.

"சார்... நான் ஒண்ண மறைச்சிட்டேன் சார்!"

"இப்பவாச்சும் சொல்லித் தொலை!"

"பிளாஸ்டர் சார்."

"என்ன பிளாஸ்டர்?"

"டாக்டரம்மா சொட்டு எண்ணி வச்சிட்டுப் போனதும், அந்த வீல் மேல நீளமா பிளாஸ்டரைக் கிழிச்சு, சுத்திச் சுத்தி ஒட்டினேன் சார். யாராலயும் திருகவே முடியாது. பிரிச்சு எடுத்தாத்தான் முடியும். அது மேல செவப்புப் பேனாவால எழுதியும் வச்சேன். இப்ப அந்த டியூப்ல பிளாஸ்டரே இல்ல சார்!"

"எதுக்கு ஒட்டின?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எப்படியும் யாராச்சும் திருகிருவாங்க சார். திருகிட்டாங்கன்னா திரும்ப எண்ணி, பழையபடி வைக்க எனக்கு வராது. அந்த ஆறு மாசப் படிப்புல அதச் சொல்லியே தரல. வீலு நகந்தாத்தானே எண்ணணும்... நகராமலே ஒட்டிட்டா?"

அழகுமலை அவளையே பார்த்தார். கோபமும் பரிதாபமும் ஒன்றாக வந்தன.

"இதை ஏன் உள்ள கேட்டப்பவே சொல்லல?"

"பிளாஸ்டரை வீணாக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. அதோட... எனக்கு எண்ணத் தெரியாதுன்னு தெரிஞ்சா வேலை போயிரும் சார்."

"அடிப்பாவி மகளே! ஜெயிலுக்குப் போனா மட்டும் வேலை நிக்குமா?"

திட்டியபடியே அழகுமலை யோசித்தார். பிளாஸ்டரைப் பிரித்தது யார்? திருகியவர்கள் எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். பிரித்ததாக ஒருத்தர்கூடச் சொல்லவில்லையே!

அறியாமல் திருகியவர்கள் ஒப்புக்கொள்வார்கள். அறிந்து பிரித்தவன் எப்படி ஒப்புக்கொள்வான்?

"எறங்கு! உள்ள வா!"

ஓடினார். ஜெயபாண்டி பின்னாலேயே ஓடினார்.

"அம்மா! நீங்க திருகறப்ப வீல் மேல பிளாஸ்டர் ஒட்டியிருந்துச்சா?"

முத்தாத்தாள் யோசித்தார். "காத்தால இருந்துச்சுங்க. இந்தப் புள்ளை ஒட்டுனதைப் பாத்தேன். நான் காப்பி குடிச்சுப்போட்டு வந்து பாக்கறப்ப இல்லீங்க. செரி, அவளே எடுத்துப்போட்டாளாக்கும்னு இருந்துட்டேன்."

"காப்பி குடிக்கப் போகணும்னு உங்களுக்கே தோணுச்சா?"

"தம்பிதானுங்க போகச் சொன்னான். 'போயிட்டு வாக்கா, நான் வராண்டாவுல இருக்கறேன்'னான்."

"வீலைத் திருகச் சொன்னது?"

"அவந்தானுங்க. 'இது முடிஞ்சாத்தான் ஊட்டுக்கு வுடுவாங்க, சித்த திருகி வுடுக்கா'ன்னு..."

முத்தாத்தாள் பாதியில் நிறுத்தினார். செந்தில்வேல் மெதுவாக எழுந்தான்.

"என்றகிட்டயும் மாமாதான் சொன்னாரு, சார். 'பையர் போயிருவான், வேகமா வுடு மாப்ளே'ன்னு."

"எனக்கும்... அவருதானுங்க சொன்னாரு," என்றார் சூப்பர்வைசர்.

ஆஷா எச்சில் விழுங்கினாள். "பாட்டில் காலின்னு கூப்புட்டதும்... அவருதானுங்க."

எல்லாரும் வராண்டாவைப் பார்த்தார்கள்.

நாச்சிமுத்து டீக்காரரிடம் இன்னொரு பார்சலுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பினார். சிரித்தார்.

"என்னங்க, எல்லாரும் ஒரு மாதிரியாப் பாக்கறீங்க? இந்த ஊருல பாட்டில் போட்டா 'வேகமா வுடு'ன்னு சொல்லாத ஆளு யாருங்க? சொன்னது ஒரு குத்தமா?"

"குத்தமில்ல," என்றார் அழகுமலை. "உங்க கண்ணாடியைக் கொஞ்சம் குடுங்க."

"ஏனுங்க?"

"குடுய்யா!"

முகத்திலிருந்து பிடுங்கினார். உடைந்த காலில் சுற்றியிருந்த பிளாஸ்டரின் நுனியை நகத்தால் நெம்பினார். ஒரு சுற்று... வெறும் வெள்ளை. இரண்டாவது சுற்று... வெள்ளை. மூன்றாவது சுற்று பிரிந்தது.

சிவப்பு எழுத்து!

அழகுமலை சத்தமாகப் படித்தார்.

"தொடாதீங்க... ப்ளீஸ்."

விஜயராணி வாயைப் பொத்திக்கொண்டு விசும்பினாள். "அதுதான் சார்! என் எழுத்துதான் சார்!"

நாச்சிமுத்துவின் நெற்றியில் வியர்வை முத்து முத்தாகக் கிளம்பியது.

"அது... கீழ கெடந்துச்சுங்க. கண்ணாடி ஒடஞ்சிருந்துச்சு. வேஸ்ட்டாப் போகுதேன்னு எடுத்துச் சுத்திக்கிட்டேனுங்க..."

"எங்க கீழ?"

"மச்சான் கட்டிலுக்கு..." நாச்சிமுத்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"உள்ள காலே வைக்கலன்னீக? மருந்து வாசம் கொமட்டும்னீக?"

நாச்சிமுத்து கண்ணாடியைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினார்.

"ரத்தினசாமிக்கு இருதயம் வீக்கு, வேகமா விட்டா ஆபத்துன்னு டாக்டர் சொன்னது இந்தக் குடும்பத்துல ஒரே ஒருத்தர்கிட்ட. உங்ககிட்ட! நீங்க அதை யார்கிட்டயும் சொல்லல. அக்காளைக் காப்பிக்கு அனுப்பிட்டுப் பிளாஸ்டரைப் பிரிச்சீக. அப்புறம் வீலைத் தொடவே இல்ல. தொட வேண்டிய அவசியமே இல்லியே... அதான் ஊரே திருகுமே! ஆளாளுக்கு ஒரு வார்த்தை சொல்லி உள்ள அனுப்பினாப் போதும். கொலை அவுக கையில... சுத்தம் உங்க கையில!"

"அப்பா குடோனுக்குப் போகோணும்னு துடிச்சாரே..." செந்தில்வேலின் குரல் உடைந்தது. "வேஸ்ட் மூட்டைக்குள்ள நல்ல பீஸெல்லாம் போகுது, எல்லாத்தையும் பிரிச்சுப் பாக்கோணும்னாரு. அது உங்க குடோனுன்னு எனக்குத் தோணவே இல்லியே மாமா!"

முத்தாத்தாள் எழுந்தார். தள்ளாடி வந்து தம்பியின் எதிரே நின்றார். தன் வலது கையை விரித்து அவன் முகத்துக்கு நேராகக் காட்டினார்.

"இந்தக் கையாலதான்டா திருகினேன். முப்பது வருஷம் சோறு போட்ட கை. நீ கொல்றதுன்னா நீயே கொன்னிருக்கலாம். என்ற கையாலயே எங்கூட்டுக்காரரைக் கொல்ல வெச்சுப்போட்டியேடா, பாவி!"

பளார்!

அந்தக் கைதான் அறைந்தது. நாச்சிமுத்து சுவரில் போய் மோதினார். ஒருவரும் தடுக்கவில்லை.

விஜயராணி முத்தாத்தாளின் காலடியில் உட்கார்ந்தாள். "நான் ஒரு வாட்டி எட்டிப் பாத்திருந்தா... அவரு பொழைச்சிருப்பாரும்மா."

முத்தாத்தாள் அவளைத் திட்டவில்லை. தேற்றவும் இல்லை. அந்த நேரத்தில் அவருக்கு இரண்டுக்கும் தெம்பில்லை.

அழகுமலை டாக்டரிடம் திரும்பினார். "இந்தப் பொண்ணு மேல கொலைக் கேஸ் இல்ல. ஆனா உங்களை மேலிடத்துல கேள்வி கேக்கத்தான் போறாங்க. நாளைக்கே இதுகளை உக்கார வச்சு, சொட்டு எண்ணச் சொல்லிக் குடுங்க. எண்ணத் தெரியாதுன்னு சொன்னா வேலை போகும்னு பயந்துக்கிட்டு ஒருத்தி நிக்கிற எடத்துல, அடுத்த ஆளும் சாவான்!"

டாக்டர் தலையாட்டினார். இந்த முறை மின்விசிறியைப் பார்க்கவில்லை.

செல்போன் பாடியது. டி.எஸ்.பி.!

"என்னய்யா, அரெஸ்ட் பண்ணியாச்சா?"

"பண்ணியாச்சு சார்!"

"சபாஷ்! பொண்ணு அழுதாளா?"

"இல்ல சார். மீசை வச்ச ஆளு... லேசாத்தான் அழுவுறாரு."

டி.எஸ்.பி. 'என்னது' என்பதற்குள் அழகுமலை கட் பண்ணினார். ஆறு மாதத்தில் முதல் தடவையாக அவருக்குக் கொஞ்சம் குளிர்ச்சியாக இருந்தது.

ஜெயபாண்டி நாச்சிமுத்துவை ஜீப்புக்குத் தள்ளிக்கொண்டு போனார். நாச்சிமுத்து படியைக் காலால் தேடித் தடுமாறினார்.

"கண்ணாடியைக் குடுத்துருங்க இன்ஸ்பெக்டரய்யா... அது இல்லாம எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க!"

அழகுமலை கண்ணாடியையும் பிளாஸ்டரையும் பத்திரமாக ஒரு கவரில் போட்டு மூடினார். திருப்பூர்ப் பேச்சு ஒருவழியாக அவர் வாயிலும் ஒட்டிக்கொண்டது.

"சாட்சியை எப்படிங்க குடுக்கறது? அதுவுமில்லாம, நீங்க போற எடத்துல நாலு செவுருதானுங்க... தடவிப் பாத்தாலே போதுமுங்க!"